பாதம் கழுவும் ஆராதனை: அறுபது பேர் சபைக்கு ஒரு செய்முறை

வேலூர்ப் பக்கம் பாதம் கழுவுதல் என்றால் எல்லோருக்கும் பெரிய வியாழன்தான் ஞாபகம் வரும். ஆயரோ பங்குச் சாமியாரோ பன்னிரண்டு பேரை முன்னே உட்கார வைத்துக் கழுவுவார். சபை பெஞ்சில் இருந்து பார்க்கும். பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் தோன்றிய கிறிஸ்தவப் பிரிவான மெனோனைட் சபையின் வழக்கத்தில் பார்வையாளர் கிடையாது. ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவரும் இன்னொருவருக்குக் கழுவுவார், அதே ஆளிடம் தன் பாதத்தையும் கொடுப்பார். போதகருக்கும் விலக்கு இல்லை. இயேசு தம் சீடர்களின் பாதத்தைக் கழுவியதைச் சொல்லும் யோவான் 13-ஆம் அதிகாரம்தான் அடிப்படை. 1632-இல் நெதர்லாந்தின் டோர்ட்ரெக்ட் நகரில் மெனோனைட் மூப்பர்கள் கையெழுத்திட்ட விசுவாச அறிக்கையின் 18 பிரிவுகளில் 11-ஆவது முழுக்க இதைப் பற்றியதே. பழைய சபைகளில் ஆண்டுக்கு இரண்டு முறை, திருவிருந்தோடு சேர்த்து நடக்கும்.

இந்தியாவில் மெனோனைட் சபைகள் தெலங்கானாவின் மகபூப்நகர் பக்கமும் சத்தீஸ்கரின் தம்தரி, சாம்பா பக்கமும்தான் வேரூன்றியவை. ஆனால் இந்த முறையைப் பின்பற்ற அந்தப் பெயர்ப்பலகை தேவையில்லை. காட்பாடியிலோ குடியாத்தத்திலோ உள்ள ஒரு வீட்டு ஜெபக்குழுவும் செய்யலாம். இங்கே 60 பேரைக் கணக்கில் வைத்துச் சொல்கிறோம்: பெண்கள் 36, ஆண்கள் 24. உங்கள் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்ற ஏற்பாடெல்லாம் அதன் பின்னால் வரும். அடுத்தவர் காலைக் கழுவ நம் ஆட்கள் தயங்குவதே இல்லை, குனிந்து உட்கார்ந்துவிடுவார்கள். தன் காலை நீட்டுவதற்குத்தான் தயக்கம். பித்தவெடிப்பு, ஆணிக்கால், கறுத்த நகம், கட்டுப் போட்ட புண், தன்னைவிட வயதில் மூத்தவர் எதிரே குனிந்திருக்கிற கூச்சம், எல்லாம் சேர்ந்து ஆளைப் பின்வாங்க வைக்கும். ஆகவே ஏற்பாடு செய்கிறவர்கள் ஒவ்வொரு முடிவையும் காலை நீட்டுகிறவர் இடத்தில் இருந்து யோசிக்க வேண்டும்.

ஒரு வாரம் முன்பு

பழைய மெனோனைட் சபைகளில் திருவிருந்துக்கு முன்னால் ஆயத்தக் கூட்டம் ஒன்று உண்டு. கடவுளோடும் சபையாரோடும் சமாதானமாக இருக்கிறேன் என்று ஒவ்வொருவரும் சொல்லுவது அதில் முக்கியம். இதை விட்டுவிடாதீர்கள். சீட்டுப் பணம், வரப்புத் தகராறு, சம்பந்தம் பேசி முறிந்தது என்று எந்தச் சபையிலும் இரண்டு மூன்று இருக்கும். மத்தேயு 18 சொல்கிறபடி சம்பந்தப்பட்டவர்கள் முதலில் தனியாகப் பேச வேண்டும். முடியாவிட்டால் மூப்பர் ஒருவர் வீட்டுக்குப் போய் உட்கார வேண்டும். பேச்சு இல்லாத இரண்டு பேரை ஆராதனையில் எதிரெதிரே உட்கார வைத்தால் மனம் மாறிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். மாறாது. எல்லோர் கண்ணும் தங்கள் மேல் இருக்கும்போது இருவரும் முறைக்குக் கழுவிவிட்டுப் போவார்கள். அதற்குப் பிறகு "அதான் காலையே கழுவிட்டேனே" என்று பேச்சுக்கே வழி அடைந்துவிடும்.

முந்தின ஞாயிறு அறிவிப்பில் உடை பற்றிச் சொல்லுங்கள். இறுக்கமான ஜீன்ஸ் கணுக்காலுக்கு மேல் ஏறாது. வேட்டி அல்லது தொளதொள பேண்ட் நல்லது. பெண்களுக்குப் புடவை சரி. தரையைத் துடைக்கிற நீளமான கவுனும் லெக்கின்ஸும் சிரமம். சனிக்கிழமை நகம் வெட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். கழுவுகிறவர் நகமும் முக்கியம், கீறல் அங்கிருந்துதான் வரும். நம் ஊரில் தெலுங்கு பேசுவோர் எப்போதும் உண்டு; சிகிச்சைக்கு வந்து லாட்ஜில் தங்கி ஆராதனைக்கு வரும் இந்தி, வங்காளக் குடும்பங்களும் உண்டு. செய்முறையை அந்த மொழிகளிலும் இரண்டு வரி சொல்ல ஆள் வையுங்கள்.

பெண்கள் தனி, ஆண்கள் தனி என்பதே பழைய வழக்கம். இங்கேயும் அதுதான் சுலபம்: பெண்கள் பக்கத்துக்கு ஒரு திரை கட்டுங்கள், அல்லது பக்கத்து அறையைக் கொடுங்கள். கணவன் மனைவி சேர்ந்து செய்வதை இப்போது சில சபைகள் அனுமதிக்கின்றன. அதில் தவறில்லை, ஆனால் விதவைகளும் தனியாக வந்தவர்களும் பளிச்சென்று ஒதுங்கித் தெரிவார்கள். சபைக்கு நடுவில் அது வேண்டாம், வீட்டில் செய்துகொள்ளலாம்.

சாமான்கள்

பெண்களுக்கு மூன்று இடம், ஆண்களுக்கு இரண்டு, மொத்தம் ஐந்து இடம் போதும். ஒவ்வொரு இடத்திலும் ஆறு ஜோடி வரும். ஒரு ஜோடிக்கு மாறி உட்காரும் நேரத்தையும் சேர்த்து ஐந்து நிமிடம். ஆக அரை மணி நேரம். இடத்தைக் குறைத்தால் நேரம் நீளும். முக்கால் மணிக்கு மேல் போனால் பின்வரிசை பேச ஆரம்பித்துவிடும்.

ஒரு இடத்துக்கு வேண்டியவை: கை வைக்காத நாற்காலி ஒன்று, கழுவுகிறவர் உட்கார மணையோ குட்டை ஸ்டூலோ, அகலமான பிளாஸ்டிக் டப், மூடி போட்ட நல்ல தண்ணீர் பக்கெட், ஒரு செம்பு, அழுக்குத் தண்ணீருக்கு இன்னொரு பக்கெட், துண்டுகள், விரிக்கச் சாக்கு. டப்பின் அடிப்பாகம் குறுக்கே 14 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. பெரிய ஆளின் பாதமே பத்து பதினோரு அங்குலம் வரும். குதிகால் விளிம்பில் ஏறி நின்றால் டப் கவிழும். உயரம் ஐந்தாறு அங்குலம் போதும், அதற்கு மேல் போனால் வயதானவர்கள் காலைத் தூக்கி வைக்க முடியாது. அலுமினியத் தாம்பாளம் வேண்டாம். செம்பு இடிக்கும் ஒவ்வொரு முறையும் ஓசை கூடம் முழுக்கக் கேட்கும்.

மேல்நாட்டுச் சபைகளில் டப்பில் தண்ணீர் நிரப்பி அதிலேயே காலை வைத்துக் கழுவுவார்கள். நமக்கு அது ஒத்துவராது. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு வாசலில் நடந்து வருகிறோம், இரண்டாவது ஆளுக்கே தண்ணீர் கலங்கிவிடும். சேற்றுப்புண் இருந்தால் அடுத்தவருக்கும் போகும். காலி டப்பின் மேல் காலை வைத்துச் செம்பால் ஊற்றுங்கள். ஒரு பாதத்துக்கு அரை லிட்டர், ஒருவருக்கு ஒரு லிட்டர். அறுபது பேருக்கு 60 லிட்டர். சிந்துவதையும் கை கழுவுவதையும் சேர்த்து 80 லிட்டர் வையுங்கள். ஒரு இடத்துக்குப் பன்னிரண்டு பேர் வருவதால் 15 லிட்டர் பக்கெட் ஒன்று போதும். ஒவ்வொரு ஜோடி முடிந்ததும் டப்பைக் காலி செய்ய வேண்டும். அழுக்குப் பக்கெட்டைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், தூக்கிப் போகும்போது தளும்பி நடைபாதை முழுக்க ஈரமாகும்.

சோப்பு வேண்டாம். போர் தண்ணீர் கடினமான ஊரில் அது நுரைக்கவும் நுரைக்காது, வழுக்க மட்டும் செய்யும். சோப்பு இல்லாததால் மீந்த தண்ணீரைத் தென்னைக்கோ வேம்புக்கோ ஊற்றலாம். "ஆறு உண்டு, தண்ணீர் இல்லை" என்று பாலாற்றைச் சொல்லியே பழகிய மாவட்டத்தில் 80 லிட்டரைச் சாக்கடையில் விட்டால் யாராவது கேட்கத்தான் செய்வார்கள்.

துண்டு ஆளுக்கு ஒன்று. ஈரிழைத் துண்டு நல்லது. புதுத் துண்டு கஞ்சிப் பசையோடு இருக்கும், தண்ணீரை உறிஞ்சாமல் தள்ளிவிடும். இரண்டு முறை துவைத்துக் காயவைத்த பிறகே எடுங்கள். கழுவுகிறவர் இடுப்பில் கட்டிக்கொள்ள நீளமான துண்டு இடத்துக்கு ஒன்று வேண்டும். இயேசு அரையில் சீலை கட்டியதன் ஞாபகம் அது. புடவையும் வேட்டியும் நனையாமல் காப்பதும் அதுவே.

தண்ணீரின் சூடு

அதிகம் பேர் கோட்டைவிடும் இடம் இதுதான், ஆபத்தும் இங்கேதான்.

மார்ச் கடைசியிலிருந்தே நம் ஊர் வெயில் தெரியும். மொட்டை மாடித் தொட்டியில் பகல் பதினொரு மணிக்குப் பிடிக்கிற தண்ணீர் சில நாள் கை வைக்க முடியாத அளவு இருக்கும். அதை அப்படியே ஊற்றினால் கால் பொறுக்காது. காலை ஏழு மணிக்குள் பிடித்து, நிழலில் மூடி வையுங்கள். டிசம்பர், ஜனவரியில் எதிர்ப்பக்கம்: ஜில்லென்று இருக்கும், வயதானவர்கள் காலை இழுத்துக்கொள்வார்கள். அப்போது வெந்நீர் கலக்கலாம். அடுப்பில் சுட வைத்து, வெளியிலேயே கலந்து, பிறகு உள்ளே கொண்டு வாருங்கள். பக்கெட்டில் போடுகிற ஹீட்டர் ராடு கூடத்துக்குள் வரவே கூடாது. ஈரத் தரை, வெறுங்கால், கரண்ட் மூன்றும் ஓரிடத்தில் சேரக் கூடாது; மைக் ஒயரையும் ஃபேன் ஒயரையும் அன்றைக்கு மட்டும் சுவர் ஓரமாகக் கட்டிவிடுங்கள்.

சூடு 37 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் முழங்கையை வைத்துப் பாருங்கள், சூடு என்றே தோன்றக் கூடாது. காலை நீட்டுகிறவரிடம் "சூடு சரியா இருக்கா?" என்று மட்டும் கேட்டு முடிவு செய்யாதீர்கள். நாள்பட்ட சர்க்கரை நோயாளிகள் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். கொப்புளம் கிளம்பும் சூட்டிலும் "சரியா இருக்கு" என்பார்கள். பொய் இல்லை, அவர்களுக்குத் தெரியாது.

வேலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இது புதிய செய்தி ஆகாது. 1946-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் தேய்ந்து போவது நோய் சதையைத் தின்பதால் அல்ல, உணர்ச்சி இழந்த கைகால்களில் சூடும் காயமும் படுவது தெரியாமலே போவதால்தான் என்று காட்டினார். 1955-இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மருத்துவமனை இன்றும் அத்தகைய பாதங்களைப் பாதுகாக்கும் வேலையைச் செய்கிறது. குணமான பலர் நம் சபைகளில் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி மூன்று விஷயம். ஒன்று, சிகிச்சை முடித்தவரிடமிருந்து தொழுநோய் தொற்றாது. மற்ற எவரையும் போலவே வரிசையில் வரட்டும், தனி டப், தனித் துண்டு என்று பிரித்துக் காட்டாதீர்கள். எல்லோருக்கும் தனித் துண்டு என்ற ஏற்பாடு இதற்கும் சேர்த்துத்தான். இரண்டு, உணர்ச்சி குறைந்த பாதத்துக்கான எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு போட்டிருப்பவரை வாசலில் கழற்றச் சொல்லாதீர்கள். வெயிலில் காய்ந்த சிமெண்ட் தரை அவர் காலைச் சுட்டது அவருக்கே மாலையில்தான் தெரியும். நாற்காலி வரை செருப்போடு வரட்டும். மூன்று, தேய்க்காமல் ஒற்றித் துடையுங்கள், விரல் இடுக்கில் ஈரம் தங்க விடாதீர்கள். இந்த மூன்றாவது சர்க்கரைக்காரர்களுக்கும் பொருந்தும்.

திறந்த புண், கட்டு, தையல் இருந்தால் அந்தக் காலை விட்டுவிட்டு மற்றக் காலை மட்டும் கழுவலாம். இரண்டுமே முடியாதென்றால் கையைக் கழுவுங்கள். இதை முன்கூட்டியே பொதுவாக அறிவித்துவிடுங்கள்: "கால் நீட்ட முடியாதவங்க கையை நீட்டலாம், காரணம் சொல்ல வேண்டாம்." அந்தக் கடைசி மூன்று சொல் இல்லாவிட்டால் பாதிப்பேர் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள்.

ஜோடி சேர்ப்பது

யாருக்கு யார் என்று ஆட்களே தேர்ந்தெடுக்க விடாதீர்கள். விட்டால் அக்கா தங்கையோடும், டீச்சர் டீச்சரோடும், ஒரு தெருக்காரர் அதே தெருக்காரரோடும் சேர்வார். நம் ஊரில் தெரு என்றால் என்ன அர்த்தம் என்று விளக்க வேண்டியதில்லை. உட்கார்ந்த வரிசைப்படி பக்கத்து ஆளோடு சேர்த்தாலும் இதே கதைதான், குடும்பம் குடும்பமாகத்தானே உட்காருகிறோம்.

நன்றாக வேலை செய்யும் வழி: பிரசங்கம் முடியும்போது உதவிக்காரர் பெண்கள் பக்கம் தலைகளை எண்ணட்டும். 36 என்றால் முன்னாலிருந்து 18 பேருக்கு 1 முதல் 18 வரை சீட்டு. மீதிப் பேருக்கு மறுபடி 1 முதல் 18. ஒரே எண் வந்த இருவர் ஜோடி. முன்வரிசையும் பின்வரிசையும் கலந்துவிடும். ஆண்களுக்கு 1 முதல் 12. ஒற்றைப்படையாக வந்தால் கடைசியில் மூவர்: முதலாமவர் இரண்டாமவருக்கு, அவர் மூன்றாமவருக்கு, அவர் முதலாமவருக்கு. போதகரும் சீட்டு எடுக்க வேண்டும். அவர் மேற்பார்வை பார்க்கிறேன் என்று நின்றுகொண்டிருந்தால் சபையும் அதையே கற்றுக்கொள்ளும்.

ஞானஸ்நானம் பெறாத பிள்ளைகள் இதில் சேர்வதில்லை. அவர்களுக்குத் துண்டு எடுத்துக் கொடுக்கிற வேலையைக் கொடுங்கள், சந்தோஷமாகச் செய்வார்கள். புதிதாக வந்தவர்கள் உட்கார்ந்திருக்கலாம், யாரும் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம்.

நடத்தும் விதம்

திருவிருந்து முதலில், பாதம் கழுவுதல் பிறகு. அப்பம் தொடுகிற கை ஈரமில்லாமல் சுத்தமாக இருக்க இந்த வரிசையே வசதி. திரும்பும் பாதையிலும் டப்பின் கீழும் சாக்கு விரித்திருக்க வேண்டும். டைல்ஸும் மொசைக்கும் ஈரத்தில் காலை வாரிவிடும். வெறும் தார்ப்பாய் விரிக்காதீர்கள், அது தரையைவிட மோசம்.

நாற்காலியில் இருப்பவர் வலது காலை டப்பின் மேல் கொடுப்பார். கழுவுகிறவர் இடது கையால் குதிகாலைத் தாங்கி, வலது கையால் மெதுவாக ஊற்ற வேண்டும். கணுக்காலிலிருந்து விரல் பக்கமாக ஊற்றினால் தெறிக்காது. செம்பை வைத்துவிட்டுக் கையால் ஒரு முறை மேலும் அடியும் தடவி, மறுபடி கொஞ்சம் ஊற்றி, துண்டில் வாங்கித் துடைக்க வேண்டும். மெட்டி போட்டிருந்தால் அதன் அடியிலும் ஒற்றுங்கள். பிறகு இடது கால். பித்தவெடிப்பில் தொங்கும் தோலைப் பிய்ப்பது, "இதுக்கு இந்த ஆயின்மெண்ட் போடுங்க" என்பது எல்லாம் வேண்டாம். காலைப் பற்றி ஒரு சொல்லும் பேசாதீர்கள். முழங்கால் போட முடியாதவரும் கர்ப்பிணிகளும் ஸ்டூலில் இருந்தே கழுவட்டும், அதில் குறைவொன்றும் இல்லை.

மூத்தவர் குனிந்ததும் இளையவர் பதறி, "ஐயோ, பெரியம்மா, நீங்க போயா!" என்று காலை இழுத்துக்கொள்வது நிச்சயம் நடக்கும். பேதுருவும் அதைத்தான் செய்தான். அதற்கு மூத்தவருக்கு முன்பே ஒரு பதில் சொல்லிக்கொடுங்கள்: "அடுத்தது உன் முறைதான்மா, காலைக் கொடு." வாக்குவாதம் இல்லாமல் முடிந்துவிடும்.

கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கும் பெற்றவர்களுக்கும் செய்கிற பாதபூஜையோடு இது கலந்துவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். அது மேலே இருப்பவருக்குக் கீழே இருப்பவர் செய்வது. இங்கே இருவரும் ஒரே நாற்காலியில் மாறி மாறி உட்காருகிறார்கள். பூ, மஞ்சள், பித்தளைத் தாம்பாளம், கழுவிய தண்ணீரைக் கண்ணில் ஒற்றிக்கொள்வது, முடிந்ததும் காலில் விழுவது, எதுவும் வேண்டாம்.

இருவரும் முடித்ததும் எழுந்து வாழ்த்திக்கொள்வார்கள். பழைய வழக்கம் பரிசுத்த முத்தம். நம்மிடம் கையைப் பிடித்துக்கொண்டு "சமாதானம்" சொன்னால் போதும். பெண்கள் தாங்களாகவே கட்டிக்கொள்வார்கள்.

பாட்டு இடைவிடாமல் ஓட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் ஊற்றும் ஓசையும் முணுமுணுப்பும்தான் கேட்கும். மெனோனைட் மரபில் வாத்தியம் இல்லாமலே நான்கு குரலில் பாடுவார்கள். அன்றைக்கு மட்டும் கீபோர்டை மூடிவிடுங்கள். வாசிக்கிறவரும் போக வேண்டுமே. எல்லோருக்கும் மனப்பாடமான கீர்த்தனைகளாக எடுங்கள், ஈரக் கையில் பாட்டுப் புத்தகம் பிடிக்க முடியாது. பாட்டு தொடங்கிக் கொடுக்க மூன்று பேர் முறை வைத்துக்கொண்டால் யார் எழுந்து போனாலும் நிற்காது.

செல்போனில் படம் எடுக்க விடாதீர்கள். சபை வாட்ஸ்அப் குழுவுக்குக்கூட வேண்டாம். தன் வெடித்த குதிகால் படமாகப் போகும் என்று தெரிந்தால் அடுத்த முறை அந்த ஆள் வரமாட்டார்.

வெளியே போகும் வழியில் சோப்பும் தண்ணீரும் வையுங்கள், அடுத்தது சாப்பாடு. வாசலில் ஏழைகளுக்கான காணிக்கைப் பெட்டி வைப்பதும் பழைய மெனோனைட் வழக்கத்தோடு சேர்ந்ததே.

முடிந்த பிறகு

துண்டுகளை ஈரத்தோடு மூட்டை கட்டி வைக்காதீர்கள், மறுநாளே வாடை வந்துவிடும். அன்றைக்கே வெந்நீரில் சோப்புத் தூள் போட்டு ஊறவைத்து அலசி, நேர் வெயிலில் காயப் போடுங்கள். சாக்குகளையும் மொட்டை மாடியில் ஒரு நாள் விரித்துவிடுங்கள். டப்புகளைக் கழுவிக் கவிழ்த்து, அடியில் பெயிண்டால் பெரிதாக ஒரு குறி போட்டு வையுங்கள். இல்லையென்றால் அடுத்த அன்பின் விருந்துக்கு யாராவது அதில் பிரியாணி அரிசியை ஊறவைத்துவிடுவார்கள்.